சம்பந்தம் அடித்த ரெண்டாவது அடி

சம்பந்தத்தை நான் முதல்முதலாகப் பார்த்தபோது அவன் ஒருத்தனை அடித்துக்கொண்டிருந்தான். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மரக்கடை வாசல், பட்டப்பகல். அடி வாங்கியவன் லாரி கிளீனர். சம்பந்தத்தின் டிராக்டருக்கு வழி விடவில்லையாம். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது, ஒருத்தனும் கிட்டே போகவில்லை. நான் போனேன். அப்போது எனக்குத் தோள் வாசக்கால் அகலம். இழுத்துப் பிரித்தேன். கிளீனருக்கு வைத்த குத்து என் மூக்கில் விழுந்தது. சட்டையில் ரத்தம் இறங்கியதும் சம்பந்தமே தலைத்துண்டை அவிழ்த்து என் மூக்கில் வைத்து அமுக்கினான்.

"நீ ஏன் அண்ணாத்தே குறுக்கால வந்தே?"

"எதுக்குடா அவனை அந்த அடி அடிச்சே?"

"நானா அடிச்சேன்? அவன் கேட்டு வாங்கிக்கினான்."

அன்றிலிருந்து சிநேகம். மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் என் மூக்குத்தண்டு வலிக்கும்.

அவன் கதையைச் சொல்வதற்கு முன், சொல்கிற ஆள் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்கப் போனவன். அந்த லேத்துக்கு அடியிலேயே சாக்கு விரித்துப் படுத்தவன். இன்றைக்கு அதே எஸ்டேட்டில் என் பேர் போட்ட ஷெட் மூன்று நிற்கிறது. எவன் கையையும் பிடித்துக்கொண்டு நான் மேலே வரவில்லை. இந்தக் கதையையும் நானே உட்கார்ந்து என் கையாலேயே எழுதுகிறேன். பெருமைக்காகச் சொல்கிறான் என்பீர்கள். ஆமாம், பெருமைக்காகத்தான். நான் சம்பாதித்த பெருமை, நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

சம்பந்தம் செம்பாக்கத்துப் பழைய குடும்பம். ஏரிக்கு இந்தப் பக்கம் அவர்கள் நெல் போட்ட இடமெல்லாம் இப்போது காலனி. அவன் அம்மா தாயாரம்மாள் மிச்சமிருந்த மனையை ரெண்டாகப் பிரித்து மூத்தவன் சம்பந்தத்துக்கு ஒன்று, இளையவன் பாலுவுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். ரெண்டு மனைக்கும் நடுவில், எல்லைக் கல்லுக்குப் பதிலாக ஒரு பெரிய புளியமரம். பாலு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மனை வாங்கி விற்கிற தொழிலில் இறங்கிவிட்டான். சம்பந்தம் டிராக்டர் ஓட்டினான், நடுவில் கொஞ்சநாள் தண்ணி லாரி ஓட்டினான். எதை ஓட்டினாலும் கூடவே அடித்தான்.

கபடி ஆட்டத்தில் சேலையூர்க்காரன் ஒருத்தனுக்குக் காரை எலும்பு போனது. லாரியை ஓரங்கட்டச் சொன்ன ஷேர் ஆட்டோக்காரனை ஆட்டோவோடு சேர்த்துக் கவிழ்த்தான். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைப் பிடுங்கி, பரிமாறியவன் மண்டையிலேயே போட்டான். ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷனுக்கு நான் போய்த்தான் கூட்டிவருவேன். என் பேச்சுக்கு அங்கே மரியாதை உண்டு. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்வான்: "அவன் மொறைச்சான் அண்ணாத்தே. வாங்கிக்கினான்."

பொண்டாட்டியை அடித்தானா என்று கேட்பீர்கள். அடித்தான், ஒரு தடவை. கல்யாணம் ஆன புதிசு. அவன் பொண்டாட்டி சுபத்ரா அழவில்லை. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைத்திருப்பியை எடுத்து அவன் முழங்கைக்குக் கீழே அப்படியே வைத்து அழுத்தினாள். தோல் கரண்டியோடு வந்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் கரண்டி வடிவத்திலேயே இருக்கிறது. அதற்கப்புறம் அவள் பக்கம் அவன் கை ஓங்கவில்லை. ஊர்க்காரன் மேல் மட்டும் நிற்கவில்லை.

வர்தா புயல் அடித்த வாரம் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் தெருவுக்குத் தெரு மரம் கிடந்தது. சவுரிமுத்து என்று ஒரு மரம் வெட்டுகிறவன். வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் கழித்துப்போட்ட ஒரு பழைய செயின் ரம்பம் வைத்திருந்தான். ஜெர்மன் மெஷின், என் அப்பன் காலத்துது. இப்போது வருகிற ரம்பத்தில் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். ரம்பம் துள்ளினால் அது மணிக்கட்டில் தட்டி, செயின் அந்தக் கணமே நின்றுவிடும். அந்தப் பழைய மெஷினில் அதெல்லாம் கிடையாது. துள்ளினால் துள்ளினதுதான்.

சம்பந்தம் டிராக்டரில் கட்டை இழுக்கப் போயிருந்தான். ரோட்டை மறித்துக்கொண்டு ஒரு தூங்குமூஞ்சி மரம். எந்தக் காலத்திலோ எவனோ டியூஷன் போர்டு மாட்டுவதற்கு அடித்த ஆணி உள்ளே புதைந்து கிடந்திருக்கிறது. செயின் போய் அதில் முட்டியது. ரம்பம் மேலே எகிறி சவுரிமுத்துவின் உதட்டில் ஏறி, காது வரைக்கும் பிளந்துகொண்டு போனது. கடைவாய்ப் பல் வெளியே தெரிந்ததாம். வேறொருத்தன் டிராக்டரை ஓட்ட, சம்பந்தம் அந்தக் கன்னத்தின் ரெண்டு பக்கத்தையும் சேர்த்துக் கையால் பொத்தியபடியே ஆஸ்பத்திரி வரைக்கும் போனான்.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த சவுரிமுத்து, முதல் வேலையாக அந்த ரம்பத்தைத் தூக்கிச் சாக்கடையில் போட்டான். சம்பந்தம் இறங்கி எடுத்தான்.

"உனக்கு இன்னாத்துக்கு அண்ணா அந்தச் சனியன்?"

"என்னைவிடக் கோவக்காரனை மொதவாட்டி பாக்கறேன்டா. வூட்டுக்கு இட்டுகினு போறேன்."

அப்படித்தான் அந்தப் பைத்தியம் பிடித்தது.

புளியமரத்தடியில் தகரம் போட்டு ஒரு மேஜை வைத்துக்கொண்டான். முதல் நாளே, இறுகின போல்ட்டைச் சுத்தியலால் நாலு போடு போட்டு மெஷினின் மேல்கூட்டை ரெண்டாகப் பிளந்துவிட்டான். அதைத் துண்டில் சுற்றி, செத்த கோழியைத் தூக்கிவருகிற மாதிரி என் ஷெட்டுக்குத் தூக்கிவந்தான்.

"உன் புத்தி மாறாதாடா? இரும்பையுமா அடிப்பே?"

"அது கேட்டுச்சு அண்ணாத்தே."

"கெரசின் ஊத்து. ஊத்திட்டுப் போயி சோறு தின்னு, தூங்கு. மறுநாள் வந்து சூடு காட்டு. அதுவா கழலும். அடிச்சா உடைஞ்சுதான் போவும்."

கூட்டைப் பற்றவைத்துக் கொடுத்தேன். பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தது. டீசலில் ஊறப்போட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றினான். பிஸ்டன் வளையம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. வார்ப்பிரும்பில் நானே கடைந்தேன். முடி அளவு பிசகாமல் கடைந்தேன், என் கை அப்படி. கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் தாளை அவனே கத்தரித்துப் போட்டான். பிளக்கைக் கழற்றி மேலே வைத்துக் கயிறை இழுத்தபோது நீலமாக ஒரு பொறி வந்தது பாருங்கள், அவன் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் மரத்திலிருந்த காக்காய் அத்தனையும் பறந்தது. காலனிக்காரர்கள் ஜன்னலை அடைத்தார்கள்.

பிறகு ஒன்று ரெண்டானது. புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடை, ஊட்டி, கொடைக்கானல் என்று எங்கே உளுத்த ரம்பம் கிடந்தாலும் கொண்டுவந்து தகரத்துக்கு அடியில் மாட்டினான். எதை வைத்தும் ஒரு மரம் வெட்டவில்லை. ஓட வைப்பான், கொஞ்ச நேரம் கத்த விடுவான், நிறுத்துவான், துடைத்து மாட்டுவான்.

இந்த வேலை சாதுவான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சில பழைய ரம்பங்களின் கூடு மெக்னீசியம். ஒருநாள் என் லேத்தில் அதைக் கடையும்போது சுருள் பற்றிக்கொண்டது. வெல்டிங் போடுகிறபோது வருமே, அந்த மாதிரி வெள்ளை வெளிச்சம். என் ஆள் ஒருத்தன் பதறிப்போய் வாளித் தண்ணீரை வீசினான். அவ்வளவுதான், பட்டாசுக் கடை வெடித்த மாதிரி நெருப்பு கூரைக்குத் தாவியது. என் புருவம் ரெண்டும் போயிற்று. சம்பந்தம்தான் வெளியே ஓடி, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை வெறுங்கையால் வாரி வாரிப் போட்டு அடைத்தான். உள்ளங்கை பொத்துப்போனது. அத்தனை ரணத்திலும் தண்ணீர் ஊற்றினவனை அவன் அடிக்கப் போனான். நான்தான் காலை விட்டுத் தடுக்கி அவனைக் கீழே தள்ளினேன்.

மகள் அனுப்பிரியாவின் நிச்சயதார்த்தத்தில்தான் விஷயம் முற்றியது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "டிராக்டர் ஓட்டறவரா நீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வெறும் கேள்வி. சம்பந்தம் தாம்பாளத்தைத் தூக்கி அவர் தாடையில் விட்டான். தேங்காய், பழம், புடவை எல்லாம் ரத்தத்தில் உருண்டது. மாப்பிள்ளைப் பையன் நல்லவன், அதனால் கல்யாணம் நின்றுபோகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சுபத்ரா சொன்னாள்:

"அண்ணா, நீங்களே சாட்சி. இனிமே இவரு ஒரு ஆளு மேல கை வச்சா, நான் பொண்ணு வூட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட ஆரும் வரக்கூடாது."

சம்பந்தம் தழும்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சரி" என்றான்.

சொன்னதைக் காப்பாற்றினான். யாராவது வம்புக்கு இழுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். ஏதாவது ஒரு ரம்பத்தைக் கழற்றி, கயிறை இழுத்து, காது கிழிகிற மாதிரி கத்த விடுவான். அந்தச் சத்தத்தை வைத்தே, இன்றைக்குச் சம்பந்தத்தை யாரோ சீண்டியிருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். அனுப்பிரியா கல்யாணமாகி நாவலூர் அபார்ட்மெண்டுக்குப் போனாள். வருஷங்கள் ஓடின. அடிக்கிற சம்பந்தத்தை ஊர் மறந்தது, அவன் மரியாதைகூடக் கொஞ்சம் குறைந்தது. அதையும் பொறுத்துக்கொண்டான்.

இப்போது பாலு விஷயத்துக்கு வருகிறேன்.

பாலு தன் மனையை விற்க ஆள் பார்த்துவிட்டான். வாங்குகிறவன், புளியமரம் போனால்தான் சுவர் நேராக வரும் என்றான். சம்பந்தம், "மரம் ரெண்டு பேருக்கும் பொது. நான் வெட்ட விட மாட்டேன்" என்றான். அதில்தான் சண்டை. ஆனால் அந்த மரத்தில் வேறு ஒன்றும் இருந்தது.

பாலு சின்னப் பையனாக இருந்தபோது, ஏரியில் மிதந்த ஒரு பிணத்தைப் பார்த்துவிட்டு வந்து வலிப்பு வந்து விழுந்தான். சோறு இறங்கவில்லை. ராவெல்லாம் அலறினான். தாயாரம்மாள் கோடங்கியைக் கூட்டிவந்தாள். அவன் உடுக்கையடித்து, பையனைப் புளியமரத்தில் முதுகு ஒட்ட நிறுத்தி, உச்சி முடியைப் பிடித்து, ஒரு சாண் நீள ஆணியில் சுற்றி, தலைக்கு ஒட்டினாற்போல மரத்தில் அறைந்து இறக்கினான். பிடித்திருந்த பேய் ஆணியோடு மரத்தில் தங்கிவிட்டது, இனி பையனிடம் வராது என்று கணக்கு. முடியை அறுத்து பாலுவை விடுவித்தார்கள். அப்போது சூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அண்ணன் சம்பந்தம். பாலு அதற்கப்புறம் தேறினான். ஆணியைப் பட்டை மூடிவிட்டது.

ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை நடந்த ஒரு சாயங்காலம் நானும் இருந்தேன். சம்பந்தம் சொன்னான்: "உன்னோட ஆணி உள்ள கீதுடா. ரம்பம் வச்சா எகிறும். சவுரி மூஞ்சைப் பாத்தியா இல்லியா?"

பாலு சிரித்தான். "நாப்பது வருசமாச்சு. மரம் எம்மாம் உசரம் வளந்துட்டுது! ஆணி மட்டும் அங்கியே நின்னுகினு இருக்குமா? இந்நேரம் மேல கெளைகிட்ட போயிருக்கும். காக்கா குந்திகினு கீதே, அங்க போயி பாரு."

"ஆணி ஏறாதுடா. மரம் நுனியிலதான் வளரும். அடிமரம் பருக்கும், அவ்ளோதான். அடிச்ச எடத்துலயே வச்சு முழுங்கும்."

"பெரிய மரத்து டாக்டரு!"

கூடியிருந்தவர்கள் எல்லாரும் பாலு பக்கம்தான் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் பாலு சொன்னதுதான் சரியென்று பட்டது. வளர்கிற மரம் ஆணியையும் தூக்கிக்கொண்டுதானே போகும்? இரும்பு என்றால் என்னிடம் எவனும் வாய் திறக்க முடியாது. மரம் வேறு சங்கதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். நான் ஒரு ரம்பத்துக்கான புஷ் வளையம் கடைந்து எடுத்துக்கொண்டு சம்பந்தம் வீட்டுக்குப் போயிருந்தேன். சவுரிமுத்துவின் பழைய ரம்பத்தைத் துடைத்து, பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றி, காலையில்தான் ஓட்டிப் பார்த்து மேஜையில் வைத்திருந்தான். சுபத்ரா வாசலில் உட்கார்ந்து வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

பாலு வந்தான். கூடவே சவுரிமுத்து, கையில் அவனுடைய புது ரம்பம். பகலிலேயே பாலு குடித்திருந்தான். சவுரிமுத்து மரத்தைச் சுற்றி வந்தான், பட்டையைத் தடவினான், ஓரிடத்தில் துரு இறங்கிக் கறுப்பாக வழிந்திருந்ததைப் பார்த்தான். தன் கன்னத்துத் தழும்பைத் தொட்டுக்கொண்டான்.

"பாலு அண்ணே, மன்னிச்சுக்க. இது ஆணி வாங்குன மரம். நான் தொட மாட்டேன்."

"பேய்க்குப் பயந்துகினியா?"

"பேயிக்கு இல்ல அண்ணே. ஆணிக்கு." அவன் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டான்.

பாலுவுக்கு முகம் சிவந்துவிட்டது. நேராகச் சம்பந்தத்திடம் வந்தான். "நீதானே அவனுக்குச் சொல்லிக் குடுத்தே?"

"இல்ல."

"பேமானி. ஊர்ல ஒருத்தனை விட்டு வைக்காம அடிச்சவன், இப்ப பொண்டாட்டி முந்தானைக்குள்ள பூந்துகினு மெஷின் தொடைச்சுகினு கீறே. அம்மா இருந்திருந்தா காறித் துப்பியிருக்கும்."

பாலு பளார் என்று அறைந்தான். அண்ணனைத் தம்பி, அண்ணி பார்க்க. சம்பந்தம் ரெண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தகரம் தாங்குகிற கம்பியைப் பிடித்துக்கொண்டான். கம்பி ஆடியது, மேலே மாட்டியிருந்த ரம்பமெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சத்தம் போட்டது. பாலு இன்னொன்று விட்டான். சம்பந்தத்தின் உதடு கிழிந்தது. கம்பியை அவன் விடவில்லை. நான் பாய்ந்துபோய் பாலுவின் சட்டையைப் பிடித்தேன், பட்டன் தெறித்தது. என்னையும் தள்ளிவிட்டான். எனக்கு வயசாகிவிட்டது, விழுந்தேன்.

"ஆளு வேணாம், நானே வெட்டறேன்" என்று மேஜையில் இருந்த அந்தப் பழைய ரம்பத்தைத் தூக்கினான். அண்ணன் ஸ்டார்ட் பண்ணுவதை எத்தனை தடவை மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறான்! ரெண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. சம்பந்தம் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தான்.

தொழில் தெரிந்தவன் குனிந்து அடியில் வைப்பான். தெரியாதவன் நிமிர்ந்து நின்று, தன் இடுப்பு உயரத்தில் வைப்பான். பாலு இடுப்பு உயரத்தில் வைத்தான். ஒரு சின்னப் பையனின் உச்சந்தலை அந்த உயரத்தில்தான் இருக்கும்.

"பாலு! ஆணி! அங்கதான்டா கீது!" என்று சம்பந்தம் கத்தினான். அந்த மெஷின் கத்துகிற கத்தலில் எவன் காதில் விழும்? பாலு திரும்பி, அண்ணன் வாய் அசைவதைப் பார்த்துச் சிரித்தான். மரத்தூள் வெள்ளையாகப் பறந்தது. பிறகு கறுப்பாக வர ஆரம்பித்தது.

சம்பந்தம் ஒரே ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தான். சுபத்ரா கையில் மீனோடு எழுந்து நின்றிருந்தாள்.

கம்பியை விட்டான். மேஜைக்கு அடியில் கிடந்த சவுக்குக் கட்டையை எடுத்து, பின்னாலிருந்து பாலுவின் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் போட்டான். எலும்பு முறிகிற சத்தம் மெஷின் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது. ரம்பம் பாலுவின் கையைவிட்டு நழுவி, கீழே விழுகிற வழியில், ஓடி அடங்காத செயின் சம்பந்தத்தின் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு போனது. மண்ணில் விழுந்து ரெண்டு உருட்டு உருண்டு நின்றது.

பாலு மல்லாந்து கிடந்தான். சம்பந்தம் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். முஷ்டியை மடக்கினான். கொஞ்சம் நிதானித்தான், அதை நான் பார்த்தேன். பிறகு அவன் வாயில் இறக்கினான். பல் ரெண்டு போயிற்று. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது நான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துவிட்டேன்.

"பாத்துக்கினியா அண்ணி?" என்று பாலு ரத்தத்தைத் துப்பினான். "அடிச்சுட்டான்! ஒன் புருசன் அடிச்சுட்டான்! ஆணியும் இல்ல, ஒரு மயிரும் இல்ல!"

அதைக் கேட்டதும் சம்பந்தம் என்னை உதறிவிட்டு எழுந்தான். காலில் அது பாட்டுக்கு ரத்தம் கொட்டுகிறது. மூலையில் இருந்த கோடாலியை எடுத்து, ரம்பம் அறுத்திருந்த வாய்க்கு மேலேயும் கீழேயும் கொத்த ஆரம்பித்தான். மனுஷனைக் கொத்துகிற மாதிரி கொத்தினான். சிராய் பறந்து என் கன்னத்தில் அடித்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் காலடி மண் சிவப்பானது. "நிறுத்துடா, செத்துடுவே" என்று நான் கத்துகிறேன். திடீரென்று கோடாலி கணீர் என்றது. பொறி பறந்தது. கோடாலி வாய் மடிந்துவிட்டது.

கறுத்த மரத்துக்கு நடுவில் ஆணி. ரம்பம் அறுத்த வாய் அதற்கு ஒரு விரல் அகலத்தில் நின்றிருந்தது. பாலு படுத்தபடியே அதைப் பார்த்தான். வாயைக் கையால் மூடிக்கொண்டான்.

சுபத்ரா இறங்கி வந்தாள். ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"ஆணிக்காகத்தான் அடிச்சியா?"

சம்பந்தம் கோடாலியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான். நான் அவசரமாக, "ஆணிக்காகத்தாம்மா, வேற எதுக்கு, பாத்தியே..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மாரு அண்ணாத்தே" என்றான் அவன். "மொத அடி ஆணிக்கு. ரெண்டாவது எனக்கு."

அவள் புடவைத் தலைப்பை நீளமாகக் கிழித்து, மீன் வாடை அடிக்கிற கையாலேயே அவன் காலை இறுக்கிக் கட்டினாள். என் வண்டியில் ரெண்டு பேரையும் ஏற்றி விட்டாள், முன்சீட்டில் தம்பி, பின்சீட்டில் அண்ணன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மீனை மசாலா தடவி எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு நாவலூர் போய்விட்டாள்.

பாலு போலீசுக்குப் போகவில்லை. மரம் அந்தக் காயத்தோடே நிற்கிறது, அவன் அந்தப் பக்கம் வருவதில்லை. சம்பந்தம் கால் தையலோடு தகரத்தடியில் உட்கார்ந்து, அந்த ரம்பத்தின் வளைந்த கைப்பிடியைச் சூடு காட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான். ரசமும் அப்பளமும்தான் சாப்பாடு. டீக்கடையில் அவனுக்குத் திடீரென்று பழைய மரியாதை திரும்பிவிட்டது. "தம்பி உசிரைக் காப்பாத்த ஒரே அடி அடிச்சாரு பாரு" என்று ஒருத்தன் ஆரம்பித்தால் இவன் டம்ளரை வைத்துவிட்டுத் திருத்துவான்:

"ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு ஆணிக்கு. இன்னொண்ணு நான் ஆசப்பட்டு அடிச்சது."

"ஏன்டா உனக்கு நீயே குழி வெட்டிக்கறே? ஊரே ஒண்ணுன்னு சொல்லுது, வாய மூடிகினு இரேன்" என்று நான் தலையிலடித்துக்கொண்டேன்.

"அவன் கேக்கல அண்ணாத்தே. கீழ கெடந்தான்."

என்னால் பொறுக்க முடியவில்லை. கூப்பிட வரக்கூடாது என்று சொல்லியிருந்தாலும், அது மற்றவர்களுக்குச் சொன்னது. எஸ்டேட்டில் எத்தனை பங்காளிச் சண்டை, எத்தனை வேலை நிறுத்தம் தீர்த்து வைத்தவன் நான். காரை எடுத்துக்கொண்டு நாவலூர் போனேன். லிஃப்டில் மேலே போனால், அனுப்பிரியா வேலைக்குப் போயிருந்தாள். சுபத்ரா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பேசினேன். தம்பி உயிர், அண்ணன் பாசம், காலில் எத்தனை தையல் என்று நன்றாகவே பேசினேன். அவள் வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் கேட்டாள்: "அவரு வெளிய எப்படிச் சொல்லிகினு கீறாரு அண்ணா? ஒரு அடின்னா, ரெண்டுன்னா?"

"அதையேன் கேக்கறே. கேணப்பய, ரெண்டுன்னுதான் சொல்லிகினு திரியறான். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன். அவரு ஆரையும் அடிச்சதே கெடையாது. எல்லாரும் வாங்கிக்கினவங்கதான். அவன் மொறைச்சான், இவன் கேட்டான். எங்கிட்டகூட அப்படித்தான், 'நீ எதுத்துப் பேசினே'ன்னு. 'நான் அடிச்சேன்'னு அந்த வாயில வந்து நான் கேட்டதே இல்ல."

சிதறிக் கிடந்த வெங்காயத் தோலை நான் கையால் ஒதுக்கினேன்.

"வண்டியில வந்தீங்களா, பஸ்ஸுல வந்தீங்களா?"

"பஸ்ஸா? நானா? கீழ நிக்குது பாரு, ஏசி வண்டி."

அவள் எழுந்து கையைக் கழுவினாள். உள்ளே போய் ஒரு பையை இழுத்துவந்து என் காலடியில் வைத்தாள்.

"அப்ப இத்தத் தூக்குங்க. மறுபடி ஒண்ணு அடிச்சாருன்னா நீங்கதான் திரும்பக் கொண்டாந்து விடணும், சொல்லிட்டேன்."

தூக்கினேன். நல்ல கனம். லிஃப்ட் வருகிற வரைக்கும் கீழே வைக்காமலே பிடித்துக்கொண்டு நின்றேன்.